பகல் வெயிலும் அந்தி விளக்கும்

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் பத்தாயம் என்றொரு பெரிய மரப்பெட்டி இருந்ததை நம் சங்கத்து மூத்தோர் அறிவர். கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகத்தில் விளைந்த நெல்லை அதிலே கொட்டி வைத்து, மறு அறுவடை வரையில் அளந்து எடுத்துச் சமைப்பார்கள். விளைச்சல் ஆண்டில் இரு முறை, பசியோ அன்றாடம். இவ்விரண்டையும் பொருத்தி வைத்தது அந்தப் பெட்டியே.

மின்சாரத்துக்கும் இன்று அத்தகைய பத்தாயம் தேவைப்படுகிறது. சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்தில் மின்சாரம் மிகுதியாக விளைகிறது. நம் வீடுகளில் விளக்கும் விசிறியும் அடுப்பும் தொலைக்காட்சியும் ஒருங்கே இயங்குவதோ அந்தி மயங்கிய பின்னர். நண்பகல் விளைச்சலை மாலைக்குச் சேர்த்து வைக்கும் பெட்டியே மின்கலம், அதாவது பாட்டரி. இந்தப் பெட்டியைச் செய்வது விஞ்ஞானிகளின் வேலை. அதை எங்கே வைப்பது, யார் பணத்தில் வைப்பது, அதிலிருந்து யாருக்கு அளந்து கொடுப்பது என்பனவற்றை முடிவு செய்வது அரசாங்கத்தின் கொள்கை. அக்கொள்கை நம் போன்ற குடும்பங்களை எவ்வாறு தொடுகிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொன்முடியிலிருந்து பார்த்தால்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சென்று, கல்லாற்றைக் கடந்து, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் பொன்முடி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். சுற்றுலா வருவோர் பனிமூட்டத்தைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுவர். ஆனால் அந்த மலைச் சாரல்களின் தேயிலைத் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்திருக்கின்றன. அவர்கள் வாழும் லயங்களுக்கும் மின்சாரம் கீழிருந்துதான், காட்டினூடே செல்லும் கம்பியின் வழியாக ஏறி வருகிறது. காற்றும் மழையும் கூடிய நாட்களில் ஒரு மரக்கிளை முறிந்து விழுந்தாலும் போதும், மலைக்கு இருள்தான்.

இத்தகைய இடத்தில் வாழும் குடும்பத்துக்கு மின்சாரச் சேமிப்பு என்பது ஆடம்பரப் பேச்சன்று. பிள்ளைகள் மாலையில் பாடம் படிப்பதும், தோட்டத்திலிருந்து திரும்பியவர் சுடுநீர் வைத்துக்கொள்வதும், நோயாளியின் அறையில் விசிறி சுழல்வதும் அந்த நான்கு மணி நேரத்து மின்சாரத்தைச் சார்ந்தவை.

அணையே பழைய பத்தாயம்

சேமிப்பு என்பது கேரளத்துக்குப் புதியதன்று. திருவனந்தபுரத்தில் மின் விளக்கு எரியத் தொடங்கியது 1929-இல். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. 780 மெகாவாட் ஆற்றலுள்ள இடுக்கி நிலையம் 1976-இல் வந்தது. அணையில் தேங்கிய நீர் வேண்டியபோது திறந்துவிடக்கூடிய மின்சாரமேயாகும். பகலில் மதகை மூடி, மாலையில் திறந்தால் மாலை விளக்குகள் எரியும். பல்லாண்டுகள் இந்த மாநிலம் அவ்வாறே காலங் கழித்தது.

தமிழ்நாட்டில் அதனினும் ஒரு படி மேலே சென்றனர். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் ஆற்றலுள்ள நிலையம் ஒன்று 1980-களின் இறுதியில் எழுந்தது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி வைப்பார்கள். பற்றாக்குறை நேரத்தில் அதை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். கிணற்று நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றி வைப்பது போன்றதே இது.

காற்று மின்சாரத்துக்கும் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் அக்காற்று ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 11,000 மெகாவாட்டைக் கடந்திருக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, பின்னர் எடுத்துக்கொள்ளும் சலுகை அங்கே நெடுநாள் இருந்தது. அதற்கு ‘பாங்கிங்’ என்று பெயர். உண்மையில் எந்தப் பெட்டியிலும் மின்சாரம் சேமிக்கப்படவில்லை. சேமித்தது போலக் கணக்கு எழுதப்பட்டது. இடைவெளியை நிரப்பும் செலவை வாரியம் ஏற்றது. 2018 ஏப்ரலுக்குப் பின் அமைந்த புதிய காற்றாலைகளுக்கு இச்சலுகை நிறுத்தப்பட்டது. கணக்கில் மட்டும் சேமிப்பதற்கு எல்லை உண்டு என்பதை இதிலிருந்தே உணரலாம்.

மாலை நேரத்து நெருக்கடி

கேரளத்தில் வீட்டுக் கூரைகளில் அமைந்த சூரியத் தகடுகளின் மொத்த ஆற்றல் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் 2024-ஆம் ஆண்டு மே மாதத்துக் கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டுக்கு மேல் உயர்ந்தது. அவ்வுச்சம் நிகழ்ந்தது சூரியன் மறைந்த பின். அந்நேரத்தில் கூரைத் தகடுகளால் ஒரு யூனிட்டும் வாராது. அணைகளின் நீரும் கோடையில் குறைந்திருக்கும். எனவே வாரியம் வெளிச் சந்தையில் வாங்க வேண்டியதாகிறது. மின்சாரச் சந்தையில் ஒரு யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் உச்ச வரம்பு விதித்தது. தட்டுப்பாடான மாலைகளில் விலை அந்த வரம்பையே முட்டி நிற்பதுண்டு. நண்பகலிலோ அதே சந்தையில் விலை தாழ்ந்து கிடக்கிறது.

சேமிப்பு இல்லாமல் கூரைத் தகடுகள் மட்டும் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு அண்டை நாடான இலங்கை ஓர் எச்சரிக்கை. 2025 பெப்ரவரி 9-ஆம் நாள், தேவை குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, அங்கே நாடெங்கும் மின்சாரம் நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகல் நேரத்தில் தங்கள் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கூரைத் தகடு வைத்திருந்தோரைக் கேட்டுக்கொண்டது. ஆலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தமையால் விளைந்த மின்சாரத்தை ஏற்பார் இல்லை. அறுவடை முடிந்தும் பத்தாயம் இல்லாத வீட்டின் நிலை இதுவே.

பெட்டியின் கணக்கு

மின்கலத்தைப் பற்றிய செய்திகளில் மெகாவாட் என்றும் மெகாவாட்-மணி என்றும் இரு அளவுகள் வரும். தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் குழப்பமில்லை. குழாயின் அகலம் மெகாவாட். தொட்டியின் கொள்ளளவு மெகாவாட்-மணி. 125 மெகாவாட், 500 மெகாவாட்-மணி என்றால், முழு வேகத்தில் திறந்தால் நான்கு மணி நேரம் ஓடும் என்பது பொருள். மற்றொன்றும் நினைவில் வைக்க வேண்டும். மின்கலத்தில் போட்டது முழுவதும் திரும்பி வாராது. நூறு யூனிட் போட்டால் ஏறத்தாழ எண்பத்தைந்து யூனிட் வரும். பத்தாயத்திலும் எலி தின்றது கொஞ்சம் உண்டல்லவா?

இத்தனை பெரிய பெட்டியைத் தனியார் தாமாக முன்வந்து ஏன் வைக்கவில்லை? மின்சாரத்தை விளைவிப்பவருக்கு விலை கொடுக்கும் விதி இருந்தது. வைத்திருந்து கொடுப்பவருக்குக் கூலி கொடுக்கும் விதி தெளிவாக இல்லை. அந்த விதி வகுக்கப்பட்ட பின்னரே பெட்டிகள் வரத் தொடங்கின. வெளிநாடுகளிலும் அவ்வாறே. கலிபோர்னியா மாநிலம் 2010-இல் சட்டம் இயற்றி, 2013-இல் தன் மின் நிறுவனங்கள் 1,325 மெகாவாட் சேமிப்பைக் கொள்முதல் செய்ய வேண்டும் என ஆணையிட்டது. தென் ஆஸ்திரேலிய அரசாங்கம் தன் மாநிலம் முழுவதும் இருண்டுபோன அனுபவத்துக்குப் பின், 2017-இல் 100 மெகாவாட் மின்கலம் ஒன்றை நிறுவச் செய்தது.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு திருப்பு முனையாயிற்று. மின்கலச் சேமிப்பை டெண்டர் வாயிலாகப் பெறுவதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு அவ்வாண்டு மார்ச்சில் வெளியிட்டது. மின் விநியோக நிறுவனங்கள் சேமிப்பின் வழியாகப் பெற வேண்டிய பங்கு 2023-24-இல் நூற்றுக்கு ஒன்றாகத் தொடங்கி 2029-30-இல் நூற்றுக்கு நான்காக உயர வேண்டும் என்று ஜூலையில் ஓர் ஆணையும் வந்தது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மூலதனச் செலவில் நூற்றுக்கு நாற்பது வரை மானியம் தரும் திட்டத்துக்கு இசைவளித்தது. மானியம் பெறும் மின்கலங்களின் கொள்ளளவில் நூற்றுக்கு எண்பத்தைந்தேனும் பொது மக்களுக்கு மின்சாரம் வழங்கும் விநியோக நிறுவனங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் நிபந்தனை. இந்நிபந்தனையை நாம் பாராட்ட வேண்டும்.

அதன் பயன் கேரளத்துக்கும் வந்தது. காசர்கோடு மாவட்டத்து மயிலாட்டியில் 125 மெகாவாட், 500 மெகாவாட்-மணி மின்கல நிலையம் அமைக்கும் ஒப்பந்தம் 2025-இல் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்து நிறுவனத்துக்குக் கிடைத்தது. மத்திய மானியம் 135 கோடி ரூபாய். வாரியம் ஒரு மெகாவாட்டுக்கு மாதம் 4 இலட்சத்து 41 ஆயிரம் ரூபாய் வாடகை தர வேண்டும். 2022-இல் இதே குழுமம் மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் டெண்டரில் கேட்ட வாடகை ஏறத்தாழ 10 இலட்சத்து 83 ஆயிரம் ரூபாய். அதுவும் இரண்டு மணி நேரப் பெட்டிக்கு. கொள்ளளவை ஒப்பிட்டால் மூன்று ஆண்டுகளில் வாடகை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. உலகச் சந்தையில் மின்கல விலை வீழ்ந்ததும், மானியமும், போட்டியும் ஒன்றுகூடிச் செய்த மாற்றம் இது.

இதை நம் மின் கட்டணத்தின் மொழியில் சொல்வோம். மாத வாடகை மொத்தம் 5 கோடியே 51 இலட்சம் ரூபாய். நாளொன்றுக்கு ஒரு முறை நிரப்பி எடுத்தால் 5 இலட்சம் யூனிட். மாதத்துக்கு ஒன்றரைக் கோடி யூனிட். ஆகவே ஒரு யூனிட்டைப் பாதுகாத்துத் தரும் கூலி ஏறத்தாழ 3 ரூபாய் 67 காசு. பகலில் 3 ரூபாய்க்கு மின்சாரம் வாங்கி நிரப்புவதாகக் கொண்டால், இழப்பையும் சேர்த்து மாலையில் அதன் அடக்க விலை 7 ரூபாய் 20 காசு அளவில் நிற்கும். சந்தையில் 10 ரூபாய் கொடுத்து வாங்குவதைவிட இது இலாபம். சந்தை விலை 6 ரூபாய்க்கு இறங்கும் மாலையில் இது நட்டம். எனவே பெட்டி வந்துவிட்டது என்பதால் மட்டும் கட்டணம் குறைந்துவிடாது. அதை எந்நேரத்தில் திறப்பது என்ற விவேகமும் வேண்டும்.

நம் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் போத்தன்கோடு துணைமின் நிலையத்தில் 40 மெகாவாட் மின்கலம் வைக்கும் திட்டம், வேறு மூன்று இடங்களோடு சேர்த்து, என்.எச்.பி.சி. எனும் மத்திய அரசு நிறுவனத்தின் வாயிலாக டெண்டருக்கு வந்தது. நான்கும் சேர்ந்து மற்றொரு 125 மெகாவாட் ஆகும். 5,700 மெகாவாட் உச்சத் தேவையின் முன்னே இவை எல்லாம் கூடியும் நூற்றுக்கு நான்குதான். தொடக்கம் சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கூரை உள்ளவரும் இல்லாதவரும்

இனி நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். 2024 பெப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீட்டுத் திட்டம், கூரைத் தகடு வைப்போருக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. இம்மானியம் தகட்டுக்கே உரியது, மின்கலத்துக்கு அன்று. பகலில் வாரியத்துக்குக் கொடுத்த யூனிட்டை மாலையில் வாங்கிய யூனிட்டுக்கு ஈடாகக் கழித்துக்கொள்ளும் முறைக்கு ‘நெட் மீட்டரிங்’ என்று பெயர். காற்றாலைகளின் பாங்கிங் போலவே இங்கும் வாரியமே கூலியில்லாப் பத்தாயமாக நிற்கிறது.

2025-இல் கேரள மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இம்முறையைச் சுருக்கி, பெரிய தகடுகளோடு மின்கலத்தையும் இணைக்கச் செய்யும் வரைவு விதிகளை வெளியிட்டபோது பெருத்த விவாதம் எழுந்தது. தகடு வைத்தோர் கூறியதிலும் நியாயம் இருந்தது. அரசாங்கத்தின் சொல்லை நம்பிக் கடன் வாங்கிப் பணம் போட்டோம். நடுவழியில் விதியை மாற்றலாமா என்று கேட்டனர். பல எதிர்ப்புகளுக்குப் பின் இறுதி விதிகளில் சிறு வீடுகளுக்கான வரம்பு தளர்த்தப்பட்டது. வாரியத்தின் வாதமும் தள்ளத்தக்கதன்று. பகலில் மலிவான யூனிட்டை வாங்கிக்கொண்டு மாலையில் விலையுயர்ந்த யூனிட்டைத் திருப்பிக் கொடுத்தால், அந்த வேற்றுமையைத் தகடு இல்லாத மற்ற நுகர்வோர்தாம் தம் கட்டணத்தில் சுமக்க நேரும்.

அந்த ‘மற்ற நுகர்வோர்’ யாவர்? அவர்களுள் பலர் நம்மவரே. சாலைக் கடைத்தெருப் பக்கத்திலும் கரமனையிலும் வாடகை வீட்டில் இருப்போர் கூரை தமக்குச் சொந்தமில்லாதவர். பொன்முடிச் சாரலின் லயங்களும் அங்கு வாழ்வோருடையவை அல்ல. தோட்டத் தொழிலாளருக்கு வீடு அளிக்கும் கடமையை 1951-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட உரிமையாளர் மீது வைத்தது. வீடு கிடைத்தது, ஆனால் கூரையின் உரிமை கிடைக்கவில்லை. சூரிய வீட்டுத் திட்டத்துக்கோ தகடு வைக்கத்தக்க கூரையுள்ள சொந்த வீடு வேண்டும். நான்கு தலைமுறை உழைத்த குடும்பமாயினும், தன் பெயரில் கூரை இல்லையேல் 78,000 ரூபாயில் ஒரு காசும் அதற்கு இல்லை.

இங்கேதான் கொள்கை வகுப்போர் சிந்திக்க வேண்டும். மானியப் பணம் முழுவதும் சொந்தக் கூரைக்கும், அக்கூரையின் கீழுள்ள சொந்த மின்கலத்துக்கும் சென்றால், வசதியுள்ளவன் வீட்டில் அந்தியிலும் ஒளி இருக்கும். அவ்வசதி இல்லாதவன் கட்டணம் உயரும். துணைமின் நிலையத்தில் பொது மின்கலம் வைத்தால் அதன் பயன் கம்பி செல்லும் ஒவ்வொரு வீட்டுக்கும் செல்லும், கூரை யாருடையதாயினும் சரி. வீட்டு மின்கலம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. மழையில் கம்பி அறுந்த மலையூருக்கு அருகிலுள்ள மின்கலமே உதவும். ஆகவே பொது மானியத்தில் முதல் பங்கு பொதுப் பத்தாயத்துக்கும், அடுத்து மலையோர லயம், பள்ளி, மருத்துவ நிலையம் போன்ற கூட்டு இடங்களுக்கும் செல்லுதல் நீதி. குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் தர இதே சூரியத் திட்டத்தில் இடம் உண்டு. லயங்களையும் அத்தகைய கூட்டுக் குடியிருப்பாகக் கருதினால் என்ன என்று நாம் கேட்கலாம்.

தும்பாவின் பங்கு

மின்கலத்தின் உள்ளே இருக்கும் லித்தியம் செல்களை நம் நாடு பெரும்பாலும் சீனாவிலிருந்து இறக்குமதி செய்கிறது. ஆனால் செயற்கைக்கோள்களுக்கும் ஏவுகலங்களுக்கும் வேண்டிய லித்தியம் செல்களை நம் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையமே வடிவமைத்தது. அந்நுட்பத்தை ஒரு கோடி ரூபாய்க்கு இந்தியத் தொழில் நிறுவனங்களுக்குத் தர 2018-இல் அது முன்வந்தது. 2021-இல் மத்திய அரசு செல் தொழிற்சாலைகளுக்காக 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. எதிர்பார்த்த வேகத்தில் தொழிற்சாலைகள் எழவில்லை. நுட்பமும் பணமும் இருந்தும் மூலப் பொருளும் இயந்திரமும் பயிற்சி பெற்ற கைகளும் வேண்டியிருக்கின்றன. பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் பயிலும் நம் பிள்ளைகள் இத்துறையைக் கவனித்தல் நலம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, இன்வெர்ட்டரின் பழைய மின்கலத்தைப் பழைய இரும்புக்காரரிடம் கண்மூடித்தனமாகக் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள ஈயமும் அமிலமும் மண்ணையும் ஓடையையும் கெடுக்கும். 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சேர்ந்தது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்து அதற்குரிய விலையைக் கழித்துக் கேளுங்கள்.

இரண்டாவது, நேரத்தைக் கவனியுங்கள். மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் கேரள வீடுகளுக்கு மாலை 6 முதல் 10 மணி வரை கட்டணம் கூடுதல், பகலில் குறைவு. சலவை, மாவரைப்பு, நீர் ஏற்றுதல் ஆகியவற்றைப் பகலுக்கு மாற்றுவதும் ஒருவகைச் சேமிப்பேயாகும். அதற்கு எந்தப் பெட்டியும் வேண்டியதில்லை.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, கட்டணத்தை முடிவு செய்யுமுன் பொது மக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் ஒழுங்குமுறை ஆணையம் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த ஆணையத்தின் அலுவலகம் நம் நகரத்து வெள்ளயம்பலத்திலேயே இருக்கிறது. கூரைத் தகடு உடையோர் அங்கு திரண்டு சென்று தம் குறையைக் கூறினர், விதியும் தளர்ந்தது. கூரை இல்லாதோர் எத்தனை பேர் சென்றனர்? வாடகை வீட்டாரும் லயத்துக் குடும்பத்தாரும் தம் மின் கட்டணச் சீட்டுகளோடு ஒரு மனுவாக எழுதித் தந்தால், சங்கங்கள் அதை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் முறைப்படி எழுதி ஆணையத்தின் முன் வைக்கலாம். கேட்பவர் இருக்கும் இடத்தில் கேளாமல் இருப்பது நம் குறையாகிவிடும்.

பத்தாயம் வீட்டில் இருந்த காலத்தில் அதன் திறவுகோல் குடும்பத் தலைவியின் இடுப்பில் இருந்தது. யாருக்கு எத்தனை படி என்பதை அவள் அறிவாள். நாட்டின் புதிய பத்தாயத்துக்கு இன்னும் அளவுகோல் எழுதப்பட்டு வருகிறது. எழுதும் காலத்திலேயே நம் வீட்டுப் பசியையும் சொல்லி வைப்போம்.